கலங்கரைப் பூனைக்கு ஓய்வூதியம்

அத்தியாயம் ஒன்பது

போன வாரம் சின்னவள் மூன்று பேரிடம் மூன்று பொய் சொன்னாள். அதில் ஒன்று இன்று காலை வானொலியில் வந்துவிட்டது.

எந்தப் பொய் என்பதுதான் விஷயம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். சின்னவளுக்கு வானொலி நிலையத்தில் வேலை. தினமும் மதியம் 'இதே நாளில்' என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு எரிமலை வெடித்தது, ஒரு நடிகை பிறந்தது, ஒரு பாலம் திறந்தது என்று, அந்தத் தேதியில் என்றோ நடந்ததைத் தேடி எடுத்துச் சொல்வாள். இரண்டு இடத்தில் பார்த்து ஒத்துப்போனால்தான் சொல்வாள். ஒத்துப்போகாவிட்டால் அதையும் சொல்வாள். அதற்காகவே கேட்கிறவர்கள் இருந்தார்கள்.

சில மாதங்களாக ஒரு தலைவலி. அவள் மதியம் சொல்லப்போவதை ஊரின் இன்னொரு நிலையம் காலையிலேயே சொல்லிவிடுகிறது. ஒன்றிரண்டு ஒத்துப்போகலாம். நிலவில் மனிதன் கால் வைத்த நாளை யார் விடுவார்கள்? ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்றை அவள் தேடித் துழாவி எடுத்தால், அதுவும் அங்கேதான் முதலில் வந்தது.

அங்கே சொல்கிறவள் பெரியவள். கூடப் பிறந்த அக்கா. இரண்டு வருடமாக இந்த வீட்டுப் படி மிதிக்காதவள்.

கேட்கிறவர்களுக்கு யார் தேடினார்கள் என்று எப்படித் தெரியும்? முதலில் சொன்னவள் சொந்தக்காரி, பிறகு சொன்னவள் திருடி. நிலையத்தின் மேலாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "உன் கையிலேர்ந்துதான் எங்கயோ ஒழுகுது. ஆகஸ்ட் இருபத்து நாலுக்குள்ள யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. இல்லன்னா நிகழ்ச்சியை மூடிடுவேன். நீயும் வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்."

இன்று ஆகஸ்ட் இருபத்து நான்கு.

அதனால்தான் சின்னவள் பொம்மை நட்டாள்.

பொம்மை என்பது அப்பாவின் அச்சகத்துச் சொல். தினமும் ஒரு தாள் கிழிக்கும் நாள்காட்டியை அச்சடிக்கும் இடத்தில் அப்பா பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இதே நாளில்' என்று ஒரு வரி வரும். அதை மற்ற அச்சகங்கள் கூச்சமில்லாமல் அடித்துக்கொள்ளும். அதற்காக அப்பா வருடத்துக்கு ஒரு வரி கற்பனையாக எழுதிச் சேர்ப்பார். யாரையும் புண்படுத்தாத, எந்தப் பாடத்திலும் வராத ஒரு வரி. அது அடுத்தவன் நாள்காட்டியில் வந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். "கொல்லையில நிக்கிற பொம்மை குருவியைத் துரத்தும். நம்ம பொம்மை குருவியைப் பிடிக்கும்" என்பார்.

சின்னவளின் பொம்மைகள் மூன்று. கப்பல் சமையல்காரர் ஒருவர் ஊதல் போட்டியில் ஜெயித்த நாள். இதை ஒலிப்பதிவாளரிடம் சொன்னாள். தபால்தலையை நாக்கால் நனைக்கக் கூடாது என்று ஒரு தீவு சட்டம் போட்ட நாள். இது மேலாளருக்கு. கலங்கரை விளக்கக் காவலர் ஒருவர் தன் பூனைக்கு ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்ட நாள்.

இது அப்பாவுக்கு.

அப்பாவை அவள் சந்தேகப்படவில்லை. கல்லூரியில் வேதியியல் படித்தவள். ஆய்வுக்கூடத்தில் எல்லாக் குப்பியிலும் மருந்து சேர்த்தாலும் ஒன்றில் மட்டும் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அது நிறம் மாறாது. மாறக் கூடாது. மற்றவை மாறியதா என்று பார்க்க அது வேண்டும். அப்பா அந்தக் குப்பி.

*

காலை. சமையலறை. சின்னவள் தோசைக்கல்லோ சட்டியோ எதுவும் அடுப்பில் வைக்கவில்லை. வெந்நீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா கழுவிய தட்டுகளைத் துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் மேடையில் வானொலிப் பெட்டி.

"இதே நாளில்தான்" என்றது பெரியவளின் குரல், "புளூட்டோவைக் கிரகங்களின் வரிசையிலிருந்து நீக்கினார்கள். எழுபத்தாறு வருஷம் குடும்பத்தில் ஒருத்தராக வைத்திருந்துவிட்டு, ஒரு கூட்டம் போட்டு, கையைத் தூக்கி, 'நீ இனிமேல் இங்கே இல்லை' என்று சொன்னார்கள்."

அது பொம்மை இல்லை. நிஜம். சின்னவள் எடுத்த நிஜம். குடும்பம், கூட்டம், கையைத் தூக்கியது எல்லாம் பெரியவள் சேர்த்தது. அவளுக்கு அது வரும். காய்ந்த தகவலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் முளைக்க வைத்துவிடுவாள்.

"இதே நாளில்தான்" என்றது குரல் மறுபடி, "ஒரு கலங்கரை விளக்கக் காவலர், தன் பூனையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, அரசு அலுவலகத்தின் படி ஏறினார்."

சின்னவள் அடுப்பை அணைத்தாள்.

பூனை எத்தனை காலம் எலி பிடித்தது, எண்ணெயைக் குடிக்க வந்த எலிகளிடமிருந்து விளக்கை எப்படிக் காப்பாற்றியது, கப்பல்கள் எப்படிக் கரை சேர்ந்தன, மனுவில் காவலர் என்ன எழுதினார் என்று பெரியவள் சொல்லிக்கொண்டே போனாள். சின்னவள் எழுதியது ஒரே ஒரு வரி. கடைசியில் பெரியவள் குரலைத் தாழ்த்தி, "மனு கிடைத்ததா என்று கேட்காதீர்கள். கேட்கிற வரைக்கும்தான் நம்பிக்கை" என்று முடித்தபோது, பொய் என்று தெரிந்த சின்னவளே மனு கிடைத்திருக்குமா என்று யோசித்தாள்.

அப்பா சிரித்துக்கொண்டே தட்டைத் துடைத்தார்.

"அப்பா."

"ம்."

"பூனை எப்படி?"

"நல்லாச் சொல்றா. படி ஏறினதெல்லாம் அவளே போட்டுக்கிட்டது. உன்னோடதுல அது இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குக் கேட்டது, தான் சொன்னது. கையில் துணி நின்றது. பிறகு ஏற்கெனவே துடைத்த தட்டை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

"என்னோடதுல அது இல்லன்னு உங்களுக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். "அவளுக்கு எப்படிப்பா பூனையே தெரியும்?"

"உங்க மேலாளரம்மாகிட்ட கொடுத்திருப்பல்ல? அங்கேர்ந்து போயிருக்கும்."

"அவங்களுக்கு வேற கொடுத்தேன். ஒலிப்பதிவாளருக்கு வேற. பூனை உங்களுக்கு மட்டும்."

அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லாக. கடைசிச் சொல்லுக்கு வந்து சேர்ந்தபோது அவர் முகம் மாறியது. அதில் குற்ற உணர்வு இருக்கும் என்று சின்னவள் நினைத்தாள். இல்லை. அடிபட்டவர் முகம் அது.

"எனக்கா? எனக்கா பொம்மை நட்ட?"

"அப்பா, மாட்டினது நீங்க. நான் இல்ல."

"கேக்குறேன்ல. உங்க அப்பனுக்கா நட்ட? நீ சொன்னா நான் சரிகூடப் பாக்கறதில்ல. ஒரு எழுத்துகூடச் சரிபாக்கறதில்ல. ஏன்? நீ தப்பாச் சொல்ல மாட்டேன்னு."

"அந்த நம்பிக்கையை எடுத்துத்தான் அவளுக்குக் கொடுத்தீங்களா?"

அப்பா தட்டை வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"முதல்ல ஒரே ஒரு நாள்தான் கேட்டா" என்றார். "காய்ச்சல்னு. ஒண்ணும் தேட முடியலப்பா, ஏதாவது இருந்தாச் சொல்லுங்கன்னு. குரலே இல்ல அன்னிக்கு. சொன்னேன். மறுநாள் நானே கூப்பிட்டேன், உடம்பு எப்படின்னு கேக்க. பேச்சுவாக்குல…"

"பேச்சுவாக்குல மூணு மாசமா?"

"உனக்குத் தேடத் தெரியும்மா. அவளுக்குச் சொல்லத்தான் தெரியும். இன்னொரு தடவை தப்பு நடந்தா அவளை எவனும் சேத்துக்க மாட்டான்."

அந்த முதல் தடவையை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நிகழ்ச்சி பெரியவளிடம் இருந்தது. ஒரு நாள், பழைய நடிகர் ஒருவருக்கு உருக்கமாக நினைவஞ்சலி செலுத்தினாள். நிகழ்ச்சி முடிவதற்குள் அந்த நடிகரே தொலைபேசியில் வந்தார். "நல்லாப் பேசினீங்கம்மா. ஆனா நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு பாக்கறேன்" என்றார். ஊரே சிரித்தது. பெரியவளின் வேலை போனது. அந்த நாற்காலியைச் சின்னவளுக்குக் கொடுத்தார்கள். சின்னவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பாவும், "சொல்லிடும்மா, வேண்டாம்னு" என்று சொல்லவில்லை. அன்று போனவள்தான் பெரியவள்.

"எங்கே எடுத்தாலும் தப்பு வர வாய்ப்பிருக்கு" என்றார் அப்பா. "தப்பே வராத இடம் ஒண்ணுதான் எனக்குத் தெரியும். உன் வேலை. அதான் அதுலேர்ந்து எடுத்தேன்."

இதைவிடப் பெரிய பாராட்டை அப்பா அவளுக்குச் சொன்னதில்லை. அது இப்படியா வர வேண்டும்.

"எனக்கு நீங்க ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு மாதிரி…"

"ஒரு கண்ணைக் குத்தி இன்னொண்ணுக்கு மருந்து போட்டிருக்கீங்க."

"அவ தனியா இருக்கா. உனக்கு நான் இருக்கேன்."

"நான் வீட்ல இருக்கேன்பா. அதனாலதான் என்கிட்ட எடுத்தீங்க. வீட்டை விட்டுப் போனவகிட்ட எதை எடுக்க முடியும்?"

அப்பா துணியை மடித்தார். ஜன்னல் மேடையில் பெரியவளின் நிலையம் வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. மேகமூட்டம். பிற்பகலில் தெளியலாம்.

"ஒண்ணு பண்ணு" என்றார் மெதுவாக. "நீயும் இன்னிக்கு அந்தப் பூனையைச் சொல்லிடு. ரெண்டு நிலையத்துலயும் வந்துட்டா யாரும் கேக்க மாட்டாங்க. பூனைதானே? யாருக்கு என்ன நஷ்டம்?"

சின்னவள் அவரையே பார்த்தாள். ஒரு கிரகணத்தின் தேதி தவறாக அச்சாகிவிட்டது என்பதற்காக, கட்டிவைத்த மூட்டைகளையெல்லாம் பிரிக்கச் சொல்லி, தாள் தாளாகத் திருத்தம் ஒட்ட வைத்தவர் இவர். முதலாளி, "எந்தப் பைத்தியக்காரன் கிரகணத்தைப் போய் நாள்காட்டியில பாக்கப்போறான்?" என்று கத்தியபோது, "நான் பாப்பேன்" என்று சொன்னவர்.

"முடியாதுப்பா" என்றாள்.

"அவ வேலை போயிடும்."

"யாருன்னு சொல்லலன்னா என் வேலை போயிடும். அது ஞாபகம் இருந்துச்சா உங்களுக்கு, பேச்சுவாக்குல?"

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெந்நீர் பாத்திரத்திலேயே ஆறிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தும்போது அப்பா கேட்டது காதில் விழுந்தது. சத்தமாகக்கூட இல்லை. "எனக்கா நட்ட?"

*

பேருந்தில் அவளுக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் போல. கழுத்தில் அடையாள அட்டை.

"பூனைக்கு ஓய்வூதியம் வந்துச்சா இல்லையான்னு அவ சொல்லவே இல்லடி."

"எங்க மாமனாருக்கே வரல. பூனைக்கு வந்துடப்போகுதாக்கும்."

"பாவம்டி அது. எத்தனை கப்பலைக் காப்பாத்தியிருக்கு."

"பூனையா காப்பாத்துச்சு? எலியைத் தின்னுச்சு. அது அதோட சாப்பாடு. அதுக்கெல்லாம் ஓய்வூதியம் கொடுத்தா நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கும் கொடுக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். சின்னவளுக்கும் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அவள் சொன்ன நிஜங்களில் ஒன்றைக்கூடப் பேருந்தில் யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. முதல் முறையாகச் சொன்ன பொய் ஊர் முழுக்க ஓடுகிறது. அதுவும் அக்காவின் பெயரில்.

*

"காலண்டர்! எலி மாட்டுச்சா?"

நிலையத்தில் அவளுக்கு அதுதான் பெயர். வைத்தவர் ஒலிப்பதிவாளர். காதில் எப்போதும் கருவியோடு இருப்பதால் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார்.

"மாட்டுச்சு."

"நானா?"

"நீங்க இல்லண்ணா. உங்ககிட்ட சொன்ன ஊதல் போட்டி பொய்."

"அடிப்பாவி!" என்றார். "அதுக்குப் பின்னணி வேணுமேன்னு நேத்து முழுக்க ஊதி ஊதிப் பதிவு பண்ணி வச்சிருக்கேன். என் பொண்டாட்டி, 'வீட்ல குக்கரா, நீங்களா?'ன்னு கேட்டா."

மேலாளர் அறையில் சிரிப்பு இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்ப அந்தத் தபால்தலைச் சட்டம்?"

"அதுவும் பொய்தான் மேடம். மன்னிச்சிடுங்க."

"அதை என் மாமியார்கிட்ட சொல்லி, இனிமே நக்கி ஒட்டாதீங்கன்னு பெரிய சண்டை போட்டுட்டேன்." ஒரு நிமிடம் அதை நினைத்துப் பார்த்தார். "பரவாயில்ல. அது நல்ல சட்டம்தான். சரி, விஷயத்துக்கு வா. யாரு?"

"எங்க வீட்லேர்ந்துதான் போயிருக்கு."

"வீட்ல யாரு?"

"வீட்ல ரெண்டே பேரு மேடம். அதுல ஒருத்தி நான்."

மேலாளர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் மேசை விளிம்பில் இருக்கும் நாள்காட்டிகூட அப்பாவின் அச்சகத்துடையதுதான். அப்பாவை இந்த நிலையத்துக்கே தெரியும். ஏதாவது தேதியில் சந்தேகம் வந்தால், "காலண்டர் வீட்டு ஐயாவைக் கேளு" என்பார்கள்.

"சரி" என்றார் கொஞ்சம் தணிந்த குரலில். "நிகழ்ச்சி தொடரும். நீயும் இரு. ஆனா பூனையைப் பத்தி வாயைத் திறக்காதே. அங்கே தப்பாச் சொன்னாங்களா, அது அவங்க பாடு. பொம்மை நட்டது நாமன்னு ஊருக்குத் தெரிய வேண்டாம்."

அது சின்னவளுக்கும் வசதியாகத்தான் இருந்தது. வேலை பிழைத்தது. அப்பா பெயர் வெளியே வரவில்லை. அக்கா மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் இவள் கையில் கறை இல்லை. அப்படியே போயிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

*

சின்னவள் அன்று எரிமலையில் ஆரம்பித்தாள். ஒரு நகரத்தையே சாம்பலில் புதைத்த வெசூவியஸ். ஆகஸ்ட் இருபத்து நான்கு என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பிறகு ஒரு சுவரில் கரியால் எழுதிய தேதி ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்தால் அக்டோபராக இருக்கலாம் என்கிறார்கள். "அதனால், இதே நாளில் நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம்" என்றாள். தன் குரல் தனக்கே வறண்டு கேட்டது.

புளூட்டோவைச் சொல்லவில்லை. அதுதான் காலையிலேயே போய்விட்டதே.

பிறகு தொலைபேசி அழைப்புகள். முதல் அழைப்பு ஒரு பள்ளி ஆசிரியை.

"காலையில இன்னொரு நிலையத்துல ஒரு பூனைக் கதை சொன்னாங்க. எங்க பிள்ளைங்க எல்லாம் அதைப் பத்தியே பேசுறாங்க. அதை வச்சே ஒரு பாடம் எடுக்கலாம்னு இருக்கேன். வருஷமும் ஊரும் தெரிஞ்சா நல்லாருக்கும். நீங்கதான் ரெண்டு இடத்துல பாத்துச் சொல்றவங்களாச்சே, அதான் கேக்குறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். வேண்டாம்.

"எனக்கு அதைப் பத்தித் தெரியலைங்க" என்று சொன்னால் போதும். அதுவும் பொய்தான். சின்னப் பொய். ஆசிரியை வேறு யாரிடமாவது கேட்பாள். பிள்ளைகள் பூனைப் படம் வரைவார்கள்.

"பாடம் எடுக்காதீங்க" என்றாள் சின்னவள். "அது நடக்கல."

"அப்படியா? எப்படிச் சொல்றீங்க?"

"அதை எழுதினது நான். கற்பனை."

ஆசிரியை, "ஐயோ" என்றாள். யாருக்காகச் சொன்னாள் என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்காகவோ, பூனைக்காகவோ.

ஒலிப்பதிவாளர் அவசரமாக ஒரு இசையை ஓடவிட்டார்.

*

இசை பாதி ஓடுவதற்குள் மேலாளர் ஒலிப்பதிவு அறைக்குள் வந்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கையை மட்டும் அசைத்தார். ஒலிப்பதிவாளர் ஓரத்தில் இருந்த பெட்டியின் ஒலியைக் கூட்டினார். பெரியவளின் நிலையம்.

"…காலையில் நாம் சொன்ன செய்தியைப் பற்றிச் சிலர் சந்தேகம் எழுப்பியிருக்கிறார்கள்" என்றது பெரியவளின் குரல். பதற்றமே இல்லை. "அதைத் தெளிவுபடுத்த, நாள்காட்டி அச்சகத்தில் பிழை திருத்துபவராக வாழ்நாள் முழுக்கப் பணியாற்றிய பெரியவர் நம்மோடு இருக்கிறார். வணக்கம் ஐயா."

"வணக்கம்மா."

சின்னவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த குரல்.

"அந்தப் பூனை ஐயா…"

"நடந்ததுதாம்மா. எங்க நாள்காட்டியிலேயே வந்திருக்கு. நானே சரிபார்த்தேன்."

"ஆனால் இன்னொரு நிலையத்தில், அது கற்பனை என்று சொன்னார்களாமே?"

பெட்டி கொஞ்சம் இரைந்தது. அப்பா தொண்டையைச் செருமினார். பிழை கண்ட இடத்தில் பென்சிலை வைக்கும் முன்னால் அப்படித்தான் செருமுவார்.

"அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு. எங்கயோ குழம்பியிருக்கும். நேயர்கள் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடணும்."

அந்தப் பொண்ணு.

ஒலிப்பதிவாளர் பெட்டியை அணைத்தார். எப்போதும் கத்துகிறவர், மெல்லக் கேட்டார். "உங்க அப்பாதானே?"

சின்னவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அப்பா பொய் சொன்னது வலிக்கவில்லை. அக்காவுக்காகச் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும். ஊர் முன்னால் அவளுக்காக மன்னிப்புக் கேட்டாரே, அதுதான் ஆறவில்லை. தப்பே வராத இடம் என்று காலையில் சொன்ன அதே வாய்.

மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார். "இதோ பாரு. உங்க அப்பா சொன்னா இந்த ஊரு நம்பும். நாளைக்கு நீ சூரியன் கிழக்கே உதிக்குதுன்னு சொன்னாலும் ரெண்டு பேரு சிரிப்பாங்க. பேசாம விட்டுடலாம்னா விட்டுடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேசறதா இருந்தா முழுசாப் பேசு. அரைகுறையாப் பேசினா ரெண்டும் கெட்டுப்போகும்."

இசை முடிகிற இடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

சின்னவள் காதுக் கருவியை மாட்டிக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை. அதற்குப் பழக்கம் இருந்தது.

"ஒரு திருத்தம்" என்றாள். "இன்று காலை இன்னொரு நிலையத்தில் ஒரு கலங்கரை விளக்கக் காவலரையும் பூனையையும் பற்றிச் சொன்னார்கள். அப்படி ஒரு மனு இல்லை. அந்த வரியைப் போன வாரம் நான் எழுதினேன். என் வேலையை யார் வெளியே கொடுக்கிறார்கள் என்று பார்க்க எழுதினேன். ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அது நாள்காட்டியில் வந்தது என்று சற்று முன் ஒரு பெரியவர் சொன்னார். வரவில்லை. அவர் சொன்னது உண்மை இல்லை."

நிறுத்தினாள். வானொலியில் இடைவெளி விடக் கூடாது என்பது முதல் பாடம். விட்டாள்.

"அவர் என் அப்பா."

*

அடுத்த பாட்டு ஓடியது. மேலாளர் அவள் தோளில் கை வைத்தார், எடுத்துக்கொண்டார். தொலைபேசி விளக்குகள் எல்லாம் மினுக்கின. எல்லாவற்றையும் தாண்டி ஒலிப்பதிவாளர் ஒன்றைக் காட்டினார். வாயசைத்தார். அக்கா.

"ஒலிபரப்புல போட மாட்டேன். உன் காதுக்கு மட்டும்" என்றார். "வேணுமா?"

சின்னவள் தலையசைத்தாள்.

கடைசியாகப் பேசியது எப்போது என்று நினைவில்லை. திட்டுவாள், அழுவாள், இரண்டுக்கும் தயாராகத்தான் இருந்தாள்.

"நல்லாச் சொன்னடி" என்றாள் பெரியவள். வானொலிக் குரல் இல்லை. வீட்டுக் குரல். "அந்த இடத்துல நிறுத்தின பாரு, அது நல்லாருந்துச்சு. எப்பக் கத்துக்கிட்ட?"

"அக்கா, விளையாடாத."

"விளையாடல. உன் வேலையை மூணு மாசமாப் படிக்கிறேன். என்னிக்காவது ஊரும் வருஷமும் இல்லாம ஒரு வரி உன்கிட்டேர்ந்து வந்திருக்கா? அப்பா நேத்து சாயந்திரம் அந்தப் பூனையைச் சொன்ன உடனே எனக்குத் தெரியும். இது பொம்மைன்னு."

பாட்டு எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேவா சொன்ன?"

"தெரிஞ்சேதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உனக்காக என்னை விட்டுக் கொடுத்தாரு. எனக்காக உன்னை விட்டுக் கொடுப்பாரான்னு பாக்கணும்போல இருந்துச்சு." பெரியவள் நிறுத்தினாள். அவளுக்கும் அது தெரியும், எங்கே நிறுத்துவது என்று. "கொடுத்துட்டாருடி. கேக்கக்கூட வேண்டி வரல. காலையில நீ கிளம்பின உடனே தானே ஓடி வந்துட்டாரு, வீட்டுச் செருப்போட."

"அக்கா…"

"வெளியில பெஞ்சுல உக்காந்திருக்காரு. நீ பேசினதைக் கேட்டாரு. என்னைக் காப்பாத்திட்டதா இன்னும் நினைச்சுக்கிட்டிருக்காரு. எனக்கு முன்னாடியே தெரியும்ங்கறதை அவர்கிட்ட யாராவது சொல்லணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரின் கை உயர்ந்தது. பாட்டு முடிந்துவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா இன்னும் காதில் காத்திருந்தாள்.